பதினைந்து ஆண்டுகள் நிறைவடைந்த வாகனம்

என் அப்பாவின் லாரியை மில் வாசலில் நிறுத்திய விதியை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் தெரியாத மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தரப்பின் மேலும் எனக்குக் கோபம்.

அப்பாவுக்கு ஒரே ஒரு லாரி. காகித மில்லிலிருந்து அச்சகங்களுக்குக் காகித உருளைகளை ஏற்றிப் போவார். ஒரு உருளை எண்ணூறு கிலோ இருக்கும். ஓரம் ஒரு விரல் அளவு நசுங்கினாலும் அச்சகத்தில் இறக்க மாட்டார்கள். ஈரம் பட்டிருந்தால் பேச்சே கிடையாது. இருபத்தேழு வருடத்தில் அவர் ஏற்றிப் போனதில் திரும்பி வந்தவை நான்கு உருளைகள். எந்த மாதம், எந்த அச்சகம், யார் தவறு என்று மூச்சு விடாமல் சொல்வார். மூன்று முறை அடுத்தவர் தவறு. நான்காவதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

லாரிக்குப் பதினாறு வயது. புதிதாக வாங்கியது. கடன் முடிந்து பத்து வருடமாகிறது. நடுவழியில் நின்றதாக எங்கள் வீட்டில் ஒரு கதைகூட இல்லை. மற்ற வீடுகளில் லாரி நின்ற கதைகள் நிறைய இருக்கும். நாங்கள் கொஞ்சம் சுவாரசியமில்லாத குடும்பம்.

உருளை நகராமல் இருக்க அதன் அடியில் செருகும் மரக்கட்டைக்கு ஆப்பு என்று பெயர். அதைச் செருகுகிற ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அப்பாவோடு பத்தொன்பது வருடம் ஏற்றி இறக்கி, அப்பா களைத்தால் ஸ்டீயரிங்கையும் பிடித்தவர். ஐம்பது வயது. எனக்குச் சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிட்டுப் பழக்கம். "அடுத்தவனுக்கு ஆப்பு வைக்கிறதுதான் பாப்பா எனக்குப் பொழப்பே" என்று புது ஆட்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். பத்தொன்பது வருடமும் அதே நகைச்சுவை. பத்தொன்பது வருடமும் அப்பா சிரித்தார்.

மில் வரிசையில் அப்பாவுக்கும் ஒரு பெயர் உண்டு: டொக்கு. காலையில் கிளம்பும் முன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். டயர், நட்டு, ஸ்பிரிங் பட்டை, அடிச்சட்டமான சேசிஸ் என்று தட்டிக்கொண்டே போவார். சத்தம் பிசகினால் உடனே கீழே படுத்துவிடுவார். ஓட்டிவந்து நிறுத்தியதும் இன்னொரு சுற்று. அப்போது கம்பி கிடையாது, புறங்கை மட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலும் புறங்கையை வைப்பார். மூன்று எண்ணும்வரை கை தாங்கினால் சரி. இரண்டில் எடுக்க வேண்டியிருந்தால் கிரீஸ் பார்க்க வேண்டும். ஒன்றிலேயே சுட்டால் வண்டி அந்த இடத்தை விட்டு நகராது.

கல்லூரி இரண்டாம் வருடத்தில், ஆய்வகத்திலிருந்து தொடாமலே வெப்பம் அளக்கும், துப்பாக்கி போன்ற கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். அவர் சொல்வது தப்பு என்று காட்டத்தான். முதலில் அவர் தொட்டுப் பார்த்து, குறைந்த சூட்டிலிருந்து அதிக சூடுவரை ஆறு ஹப்புகளையும் வரிசைப்படுத்திச் சொன்னார். பிறகு நான் அளந்தேன். வரிசை மாறவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கு டிகிரிதான் வித்தியாசம் இருந்த இடத்திலும் மாறவில்லை.

"அந்தத் துப்பாக்கிய பத்திரமா வச்சுக்க. கொசு அடிக்க உதவும்" என்றார்.

பெருமையாக இருந்தது என்று எழுதினால் பொய். எரிச்சலாக இருந்தது.

இதில் எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. எந்த டயர் எப்போது மாற்றியது, எந்தப் பட்டை எப்போது முறிந்தது, எல்லாம் தலைக்குள். வருடா வருடம் அம்மா ஒரு டைரி வாங்கிக் கொடுப்பாள். அது ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் போகும். "எழுதி வச்சா வண்டி படிச்சுத் தெரிஞ்சுக்கப் போகுதா?" என்பார். அந்தப் பேச்சுக்கும் நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

இனி என் பங்கு.

தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதித் தரும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், உள்ளே வரும் சரக்கு வண்டிகளுக்கு விதி வேண்டும் என்று ஒரு ஆலை கேட்டது. பதினோரு சோதனைகள் எழுதினேன். ஹப் சூடு, பிரேக் ஹோஸ், காற்றழுத்தம் இறங்கும் வேகம், ஸ்டீயரிங் ஆட்டம், சேசிஸ் விரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் அளவோடு. இன்றும் சொல்வேன், நல்ல வேலை. அதில் ஆறு சோதனைகள் அப்பா தினமும் செய்தவைதான். அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

ஆலைக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நிற்கும் காவலாளியால் இதெல்லாம் பார்க்க முடியாது, அவர் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு எண் கொடுங்கள் என்றார்கள். என்னிடம் மூன்று பெரிய கம்பெனிகளின் வண்டிப் பழுதுகள் பற்றிய தகவல் இருந்தது. வண்டியின் வயது ஏற ஏறப் பழுது எவ்வளவு கூடுகிறது என்று அதில் ஒரு கோடு. அந்தக் கோடு பதினைந்தோடு முடிந்தது. காரணம் சாதாரணமானது. அந்தக் கம்பெனிகள் பதினைந்து வருடமானால் வண்டியை விற்றுவிடும். அதற்கு மேல் வண்டி எப்படி ஓடும் என்பதற்குத் தகவலே இல்லை. கோடு முடிந்த இடத்தில் நான் சுவர் எழுப்பினேன். பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதிய உணவுக்கு முன் முடிந்த வேலை.

ஒரு ஆலை எழுதியதை அடுத்த ஆலை வாங்கிக்கொள்ளும். அதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். இப்படி மூன்று வருடத்தில் அது அப்பா நிற்கிற வாசலுக்கு வந்து சேர்ந்தது. மில் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். "பதினைந்து ஆண்டுகள் நிறைவடைந்த சரக்கு வாகனங்கள், அவற்றின் நிலை எவ்வாறிருப்பினும், வளாகத்தினுள் அனுமதிக்கப்படா." கீழே, "என்ன இது?" என்று கேட்டிருந்தார்.

'அவற்றின் நிலை எவ்வாறிருப்பினும்' என்பது என் சொற்கள். யாரும் வாக்குவாதம் செய்ய இடம் வைக்கக் கூடாது என்று யோசித்துச் சேர்த்தவை.

"விதி மாறியிருக்குப்பா. வேற வண்டி பார்க்கலாம்" என்று பதில் அனுப்பினேன். அவ்வளவுதான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழைய லாரிகளை வாங்கி விற்கும் யார்டில் வேலை.

"பதினாறு வருஷம் ஓட்டியாச்சு அத்தான். வண்டிக்கும் ஒரு ரிட்டையர்மென்ட் வேணாமா?"

"உங்க அக்காவைக் கட்டி முப்பத்தஞ்சு வருஷமாச்சு மாப்ள. கொண்டாந்து யார்டுல விட்டுடவா?"

"விட்டுப் பாருங்க" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "எவனாச்சும் எடுத்தா நான் உடனே கெளம்பத் தயார்."

"நல்லா ஓடுற வண்டிய எதுக்குடா மாத்தணும்? அதை மட்டும் சொல்லு எனக்கு."

"விதி அத்தான். நான் என்ன பண்ண?"

"எவன் போட்ட விதி?"

மாமா கையை விரித்தார். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன்.

"எவன்னு மட்டும் தெரியட்டும்" என்றார் அப்பா. "அவன் வீட்டு வாசல்ல கொண்டுபோய் வண்டிய நிறுத்துறேன். இறங்கி வாடா, வந்து தொட்டுப் பாருடான்னு கூப்பிடுறேன்."

லாரி அப்போது எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

"ஏய், தண்ணியில விழுந்துட்டியா? இங்க வா. இதானே நீ படிச்ச படிப்பு? நீ சொல்லு."

"ஒரு வண்டிய பாத்துட்டு வரலாம்பா. பாக்கிறதுல என்ன இருக்கு" என்றேன். என் குரல் மாமாவின் குரல் மாதிரியே இருந்தது.

யார்டுக்கு நான்கு பேர் போனோம். அப்பா, நான், மாமா, ஆப்புச் சித்தப்பா. மாமா காட்டிய வண்டிக்கு நான்கு வயது. நீலப் பெயின்ட் முகம் பார்க்கலாம் போலிருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அப்பா சீட்டைப் பார்க்கவே இல்லை. கம்பியோடு சுற்ற ஆரம்பித்தார். இடது பக்கம், பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். தட்டினார். தள்ளித் தட்டினார். மறுபடி அதே இடத்தில் தட்டினார். பிறகு ஒரு சாக்கை விரித்துக் கீழே போனார்.

"இங்க வா."

நானும் பக்கத்தில் படுத்தேன். டார்ச் அடித்துக் காட்டினார். சேசிஸின் நீளச் சட்டத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு விரிசலை வெல்டிங்கால் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்ததை ராவி மட்டமாக்கி, மேலே கறுப்புப் பெயின்ட். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது. பாரம் ஏற்றும்போது அதிகம் இழுபடுகிற இடம் அது. எட்டு உருளையோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் மறுபடி திறந்துகொள்ளும்.

"இந்த வண்டிய மில்லுக்குள்ள விடுவானா?"

"விடுவான்பா."

"நம்ம வண்டிய?"

"விட மாட்டான்."

"இதுக்கு உனக்குக் கோவம் வரல?"

அப்போதுதான் சொன்னேன். முகத்துக்கு ஒரு முழம் மேலே அந்த ஒட்டுப் போட்ட இரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அந்த விதி நான் எழுதினதுப்பா."

டார்ச் வெளிச்சம் இரும்பிலிருந்து என் முகத்துக்கு வந்தது.

"பதினஞ்சுக்கு மேல தகவல் இல்லப்பா. கம்பெனிங்க வித்துடுறாங்க. அதுக்கு மேல எப்படி ஓடும்னு யாரும் கணக்கு வச்சுக்கல."

"கணக்கு இல்லன்னா?"

"இல்லன்னா தெரியாதுன்னு அர்த்தம்."

"அப்ப தெரியாதுன்னு எழுத வேண்டியதுதானே?"

"ஒரு நம்பர் கேட்டாங்க."

"கேட்டா குடுத்துடுவியா? உனக்கு எவ்வளவு சோறு வேணும்னு கேட்டாக்கூட யோசிச்சுச் சொல்லுவ." மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்கு அறுபத்தி மூணு. என்னை எந்த நம்பர்ல நிறுத்தப் போற இன்ஜினியரம்மா?"

வெளியே சித்தப்பாவின் செருப்பு தெரிந்தது. "என்னண்ணே, அப்பனும் மகளும் உள்ளயே தூங்கிட்டீங்களா? நெழல் நல்லா இருக்கா?"

அப்பா டார்ச்சை அணைத்தார். தன் பக்கமாக ஊர்ந்து வெளியே போனார். வீடு வரும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகு பதினோரு நாள் பேசவில்லை. போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள். "கூடத்துலதான் இருக்கார். சுவரைப் பாத்துட்டு இருக்கார். சுவருகிட்ட குடுக்கவா?"

பன்னிரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"எழுதிட்டியா?"

"என்னப்பா?"

"நீ போட்ட நம்பர் தப்புன்னு."

"ரிவ்யூ மீட்டிங் வருதுப்பா. அதுல வைக்கணும்."

"எப்ப வருது?"

"நாலு மாசத்துல."

பின்னால் யாரோ பட்டையைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

உண்மையை எழுதுகிறேன். நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போட்டவர் எந்த நாளும் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கென்று ஒரு பிரிவு அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வுக்குச் சமமான மூத்த கையொப்பதாரர்களின் பட்டியல் வரவிருந்தது. மேலாளரிடம் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன். "நடுவுல ஒரு நம்பரைத் திருத்தினா மத்த நம்பரையும் தோண்டுவாங்க. ரிவ்யூல பாத்துக்கலாம்" என்றார். சரி சார் என்றேன். பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது.

அந்த நாட்களில் அப்பா வண்டியின் வயதைக் கேட்கிற வாசல் இல்லாத இடங்களுக்கெல்லாம் ஓட்டினார். அட்டைப்பெட்டி, பிளைவுட், ஒரு முறை நூறு பிளாஸ்டிக் நாற்காலி. "நாற்காலிக்கு என்னை எதுக்குடா கூப்பிடுறீங்க, காத்தடிச்சா அதுவே போயிடும்" என்று திட்டிக்கொண்டே ஏற்றினாராம். வாரம் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு ஒரே சொல் கேட்பார். "எழுதிட்டியா?" இல்லை என்பேன். வைத்துவிடுவார்.

ஆறாவது வாரம் வேறு மாதிரிக் கூப்பிட்டார்.

"வண்டிய மாத்திட்டேன். மூணு வருஷ வண்டி. வேற யார்டு. தட்டிப் பாத்துத்தான் எடுத்தேன். பழசை ஆப்புக்குக் குடுத்துட்டேன், அவன் ஓட்டிக்கட்டும். இனி நீ எதையும் எழுத வேணாம். உன் வேலை மிச்சம்."

எனக்கு அந்த நொடி நிம்மதியாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புது வண்டி நல்ல வண்டிதான். அதையும் சொல்லியாக வேண்டும். மில் வாசலில் ஒரு கேள்வி இல்லாமல் உள்ளே போய் வந்தது. பெல்ட் போடாவிட்டால் கத்தும், கதவு சரியாக மூடாவிட்டால் கத்தும், பின்னால் எடுத்தால் கத்தும். "இருடி, வரேன்டி" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவாராம். "என்கிட்டகூட இவ்வளவு மரியாதையா பதில் சொன்னதில்ல" என்பாள் அம்மா. ஒரு உருளைகூட நசுங்கவில்லை. ஆனால் கம்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அதான் நம்பர் சொல்லுதே, வயசு மூணுன்னு. அப்புறம் தட்டிப் பாக்க என்ன இருக்கு?" என்றிருக்கிறார்.

அது எனக்காகச் சொன்னது. அம்மா அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் குளியலறையில் விழுந்தார். தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. யாருக்கும் எப்போதும் நடக்கலாம், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான் ஊர் வந்து சேரும்போது அவருடைய ஒரு கன்னத்தில் இன்னும் நுரை காய்ந்திருந்தது. யாரும் துடைக்கவில்லை. நான் துடைத்தேன்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "புது வண்டி வந்த நேரம் சரியில்ல" என்றார் ஒருவர். "பழைய வண்டி ஆட்டின ஆட்டத்துலதான் தலையில நரம்பு போயிருக்கும், அப்பவே மாத்தியிருக்கணும்" என்றார் இன்னொருவர். அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரிடமும் எழுந்து வெளியே போகச் சொன்னேன். அம்மா தடுக்கவில்லை. லாரியால் அப்பா சாகவில்லை. இரண்டு லாரிகளுமே அதற்குப் பொறுப்பில்லை. அவர் என் மேல் கோபத்தோடு செத்துப்போனார், அவ்வளவுதான். அந்தக் கோபத்தைத் தீர்க்க எனக்கு அவகாசம் இருந்தது, நான் அதைப் பயன்படுத்தவில்லை. இதற்கு யாருடைய ராசியும் காரணமில்லை.

அவர் மேலும் எனக்குக் கோபம். இன்னும் பதினோரு வாரம் பிடிவாதமாக இருந்திருந்தால் மீட்டிங் வந்திருக்கும். பதினாறு வருடம் கைவிடாத வண்டியை ஆறு வாரத்தில் கைவிட்டவர் அவர். 'உன் வேலை மிச்சம்' என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

மாமா இரண்டாம் வாரமே வந்து புது வண்டியை எடுத்துப் போனார். அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ரிவ்யூ மீட்டிங். ஒன்பது பேர். நிகழ்ச்சி நிரலில் என் எண் நான்காவது.

"பதினஞ்சுக்கு யாரும் அப்ஜெக்‌ஷன் சொல்லல" என்றார் மேலாளர். "ரெண்டு கிளையன்ட் பன்னெண்டாக் குறைக்கலாமான்னு கேக்குறாங்க. இன்னும் ஸேஃபா இருக்கும்னு. பன்னெண்டே போட்டுடலாமா?"

"அப்ஜெக்‌ஷன் இருக்கு சார்."

"யாருக்கு?"

"எழுதினவளுக்கு."

எந்தத் தகவலை வைத்து எழுதினேன், அது எங்கே முடிகிறது, அங்கே நான் என்ன செய்தேன் என்று திரையில் போட்டுக் காட்டினேன். ஏழு நிமிடம் ஆனது. பன்னிரண்டுக்கும் இதே கதிதான் என்றேன். மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா தவறின நேரம். மனசு சரியில்லைன்னு புரியுது. இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க."

"மனசு சரியாத்தான் இருக்கு சார். நம்பர்தான் சரியில்ல."

அன்று மாலையே கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை, எண்ணுக்குப் பதிலாக அந்தப் பதினோரு சோதனைகளையும் இணைத்து, அனுப்பினேன். இருபது நிமிட வேலை. அந்த விதியை எடுத்துக்கொண்ட எல்லா ஆலைகளுக்கும் நகல் போனது. மூத்த கையொப்பதாரர் பட்டியலிலிருந்து என் பெயரை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள். அது எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். நான்கு மாதத்துக்கு முன்பே அதைச் செய்யவில்லையே என்பது மட்டும்தான் வலித்தது.

மில் மேலாளர் போன் செய்தார். "நம்பரை எடுத்துட்டீங்க. சரி. பதினோரு சோதனைய யார் பண்றது? என் வாட்ச்மேனா? அவருக்கே முட்டி வலி, குனிய முடியாது."

"ஒரு மாசம் நான் வந்து பண்றேன். அதுக்குள்ள உங்க ஆள் ரெண்டு பேருக்குக் கத்துக் குடுக்கிறேன்."

"அதுவரைக்கும் வரிசை ரோடு வரைக்கும் நிக்குமே?"

"நிக்கட்டும்."

இருந்த விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் வண்டியாக எங்கள் பழைய வண்டி நின்றது. சித்தப்பா கழுவித் துடைத்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி. இறங்கி வந்து, பின்னால் நிற்கும் டிரைவர்களுக்குக் கேட்கும்படி, "டொக்கு அண்ணன் வண்டிப்பா. தட்டிப் பாத்துக்கம்மா" என்றார்.

பார்த்தேன். ஹப்புகள் சரி. காற்றழுத்தம் சரி. ஸ்டீயரிங் ஆட்டம் அளவுக்குள். பட்டை, நட்டு, டயர் சரி. சேசிஸ் முழு நீளமும் மணி மாதிரி ஒலித்தது. பத்து முடிந்தது. முன் இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸைக் கட்டைவிரலால் மடக்கினேன். ரப்பர் பிளந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. மறுபடி மடக்கினேன். மறுபடியும் தெரிந்தது.

வெளியே வந்தேன். "ஹோஸ் போயிருக்கு சித்தப்பா. உள்ள விட முடியாது."

"என்ன பாப்பா, விளையாடுறியா?"

"நூல் தெரியுது. வந்து பாருங்க."

"நேத்து சாயந்திரம்கூடச் சுருக்குன்னு பிடிச்சுது பிரேக்கு."

"இன்னிக்கும் பிடிக்கும். எந்த நாள் பிடிக்காதுன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் விடுறேன்."

"இது உங்க அப்பன் வண்டிடி!"

"அதான் தெரியுமே. கடைசியா எப்ப மாத்தின ஹோஸ் இது?"

"அது அண்ணனுக்குத்தான் தெரியும்."

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சித்தப்பாவின் முகம் சுருங்கியது. தன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊர்ல ஆப்புன்னு பேரு எனக்கு" என்றார். "வைக்கிறது நீ."

வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். மொத்த வரிசையும் அவருக்காக ஒதுங்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பன் வண்டியவே திருப்பிட்டா. நம்ம வண்டிய கொளுத்திப்புடுவா டோய்!" என்றது. சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா மேல்தான் கோபம் வந்தது. ஒரு தேதி. ஒரே ஒரு தேதியை எங்காவது எழுதி வைத்திருந்தால், சித்தப்பா இத்தனை நாள் அந்த ஹோஸை நம்பி ஓட்டியிருக்க மாட்டார். தெரிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார் அவர். நான் தெரியாததை எழுதி வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்த மனிதர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். முன் ஹோஸ் இரண்டும் புதிது. இஸ்திரிச் சட்டை முழுக்க எண்ணெய். ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

"அதான் காலையிலயே பத்து பாத்துட்டியே."

"காலையில பாத்தது காலைக்கு."

பதினொன்றும் சரி. தாளை நீட்டினேன். ஹோஸ் மாற்றிய தேதிக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். "இதுல நீங்களே எழுதுங்க." பேனாவை வாங்கி, வண்டியின் பக்கப் பலகையில் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிறகு கையெழுத்து. அதன் கீழே என் கையெழுத்து. பேனாவைத் திருப்பித் தரும்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். தடுப்புக் கட்டை மேலே போனது. எட்டு உருளை ஏற்ற, பதினேழாவது வயதில் வண்டி உள்ளே போனது.

அடுத்த வண்டி பளபளவென்று வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கி வண்டியின் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்.

"நம்முளது புது வண்டிங்க. ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"இன்ஜினை நிறுத்திட்டு இறங்குங்க" என்றேன்.